குடும்ப நிலை: விபரம் இல்லை

திருகோணமலையில் இருந்துகொண்டு ஒரு கூடைப்பந்தாட்ட அணியைப் பதினொரு மாதம் நிர்வகித்த சோமசேகரம், தன் ஐம்பத்தொரு வயதுக்குள் அந்தப் பந்தை ஒரு தடவையேனும் கையால் தொட்டதில்லை. இதை ஒரு குறையாக எடுக்கக்கூடாது. அவர் வேலை செய்தது வள்ளங்களைப் பதிவுசெய்யும் கந்தோரில். அங்கிருந்த பதினான்கு பேரில் நீந்தத் தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் சிற்றூழியர். சோமசேகரத்துக்குக் கடலென்றாலே பயம். துறைமுகம் தெரியும்படி யன்னலோரம் அவருக்குக் கதிரை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பத்தொன்பது வருடம் வள்ளங்களுக்கு இலக்கம் கொடுத்தார். வள்ளங்களும் பெரும்பாலும் கடலுக்குப் போகவில்லை. கடலுக்குப் போகக் கடற்படையின் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் இலக்கம் வேண்டும். இலக்கம் இருந்தாலும் பாஸ் கிடைக்கும் என்றில்லை. ஆகவே கந்தோரில் வேலைக்குக் குறைவே இருக்கவில்லை.

சோமசேகரத்தின் வாழ்க்கையில் சாதனை என்று ஒன்றைச் சொல்வதானால், இடமாற்றம் பெறாததைத்தான் சொல்லவேண்டும். அந்தக் கந்தோருக்குக் குடாவின் அக்கரையில், கட்டைபறிச்சானில், ஓர் உப கந்தோர் இருந்தது. அங்கே போவதற்கு லோஞ்சில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கவேண்டும். பிறகு சைக்கிள். வழியில் காவலுக்கு நிற்கிற சென்றிகள். ஒரு சென்றியில் கேட்ட கேள்விக்குச் சொன்ன மறுமொழியை, கொஞ்சத் தூரம் தள்ளி வேறு ஆட்கள் வேறு உடுப்பில் நின்று கேட்கும்போது சொல்லிவிடக் கூடாது. இவ்வளவும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், கிழமைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரலாம், லோஞ்ச் ஓடினால்.

அங்கே போகாமல் இருப்பதற்குச் சோமசேகரத்திடம் ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் அன்னலட்சுமி. பாலையூற்றில் அவர்களுடைய வீட்டை அன்னலட்சுமி நான்கு தரம் விட்டு ஓடியிருக்கிறாள். எண்பத்தைந்தில் ஒரு தரம், எண்பத்தேழில் ஒரு தரம், தொண்ணூறில் இரண்டு தரம். கடைசித் தரம் திரும்பி வந்து, எரிந்த கூரைக்குத் தகரம் போட்டபோது அவள் கணவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: இந்த வீட்டில் ஒரு இரவும் தன்னைத் தனிய விடக்கூடாது. மகளும் கல்யாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போனபிறகு அந்த வாக்குறுதியின் முழுப் பாரமும் சோமசேகரத்தின் தலையில் வந்து இறங்கியது.

வாக்கைக் காப்பாற்ற அவர் கையாண்ட முறை எளிமையானது. அவர் யாருடைய கண்ணிலும் படவில்லை. பாராட்டுப் பெற்றவனை மேலிடம் ஞாபகம் வைத்திருக்கும். ஏச்சு வாங்கினவனையும் ஞாபகம் வைத்திருக்கும். சோமசேகரத்தைப் பற்றிய வருடாந்த அறிக்கையில் பத்தொன்பது வருடமும் 'திருப்தி' என்ற ஒரே சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லுக்கு அவர் ஒரு நாளும் கூடவோ குறையவோ உழைக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தை மாதம் ஒரு கொம்பியூட்டர் வந்து சேர்ந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது உலகத்திலுள்ள கொம்பியூட்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வருத்தம், ஏதோ வியாதி மாதிரி, வரப்போகிறது என்று தலைமையகம் சுற்றுநிருபம் அனுப்பியிருந்தது. அந்தக் கந்தோரில் கொம்பியூட்டரே இல்லை. ஆகவே வருத்தத்தைத் தடுக்க வழியில்லாமல் இருந்தது. இந்தக் குறையைப் போக்குவதற்காக ஒரு கொம்பியூட்டரும், ஒரு பிரிண்டரும், இரண்டு நாள் பயிற்சியும் தரப்பட்டன. பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். களஞ்சிய அறையைத் துப்புரவாக்கி அதற்குள் குடியமர்த்தினார்கள். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று பலகை மாட்டினார்கள். பயிற்சிக்குக் கொழும்புக்குப் போவதற்கு வழியெல்லாம் சோதனைச்சாவடி என்றபடியால் ஒருவரும் முன்வரவில்லை. போகமாட்டேன் என்று சொன்னால் கண்ணில் படுவோமே என்ற பயத்தில் சோமசேகரம் போனார்.

பெட்டியைப் பொருத்தித் தந்த தொழில்நுட்பக்காரர், மவுஸ் பிடித்துப் பழகுவதற்கு என்று அதற்குள் ஒரு விளையாட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அமெரிக்காவில் ஒரு கூடைப்பந்து அணியின் முகாமையாளராக இருக்கும் விளையாட்டு. பந்தை நாம் எறியத் தேவையில்லை. பன்னிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, யாரை இறக்குவது, யாரை இருத்துவது, யாரை வேறு அணிக்கு அனுப்பி யாரை எடுப்பது என்று தீர்மானிப்பது மட்டுமே வேலை. ஆட்டத்தைப் பெட்டி தானே ஆடிக்கொள்ளும். நாள் ஒன்றுக்கு ஓர் ஆட்டம் என்று சோமசேகரம் ஒழுங்கு வகுத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவார். உள்ளே அவர் இரண்டாயிரமாம் ஆண்டு வருத்தத்துடன் போராடுகிறார் என்று கந்தோர் நம்பியது.

பன்னிரண்டு பேரை நிர்வகிப்பதென்றால் எப்படியென்று சோமசேகரத்துக்கு ஒரு முறைதான் தெரியும். அரசாங்க முறை. முதலில் ஆளுக்கொரு சுயகோவை திறந்தார். பெயர், பிறந்த திகதி, முதல் நியமனத் திகதி, உயரம், ஒழுக்காற்று விபரம். குடும்ப நிலை என்ற நிரலுக்குப் பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே பன்னிரண்டு பேருக்கும் 'விபரம் இல்லை' என்று போட்டார். அதற்குப் பிறகு சேவை மூப்பின்படி முதல் ஐந்து பேரை ஆட இறக்கினார். அவர்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து நூற்றெழுபது வயது. இருபத்திரண்டு வயதுப் பொடியன் ஒருவன் எந்நேரமும் பந்தைக் கூடைக்குள் போடக்கூடியவன் என்று பெட்டி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. அவன் உத்தியோகத்தர்கள் சம்பள உயர்வுக்கு எழுதும் தடைதாண்டல் பரீட்சை எழுதவில்லை என்ற காரணத்தால் ஓரத்து வாங்குப் பலகையிலேயே இருந்தான். காயம்பட்டவர்களிடம் வைத்தியச் சான்றிதழ் எதிர்பார்க்கப்பட்டது. சான்றிதழ் வராதபடியால் அவர்கள் நொண்டி நொண்டி ஆடினார்கள். பெட்டியின் கலண்டரில் பௌர்ணமி விழுந்த போயா நாட்களில் சிரேஷ்ட உத்தியோகத்தர்களுக்குச் சம்பளத்துடன் லீவு. அன்றைக்குப் பொடியன்களே ஆடவேண்டி வந்தது. அந்த வருடம் சோமசேகரத்தின் அணி வென்ற ஆட்டங்கள் எல்லாம் பௌர்ணமியில் வந்தவை. இதை அவர் கவனித்தார். ஆனால் அதிர்ஷ்டத்தை நிர்வாகம் என்று சொல்ல அவருடைய மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை.

அணியின் சொந்தக்காரர் மகிழ்ச்சியாக இல்லை என்று பெட்டி ஒருநாள் அறிவித்தது. சோமசேகரம் அன்றைக்கே நான்கு பந்தியில் விளக்கக் கடிதம் எழுதினார். அனுப்புவதற்கு முகவரி இல்லாதபடியால் கோவையில் போட்டார்.

வெள்ளைக்காரப் பெயர்கள் அவருடைய வாயில் நிற்கவில்லை. பெயரை மாற்றலாம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அணிக்குத் திருகோணமலை என்று பெயர் வைத்தார். மற்ற அணிகள் மூதூர், குறிஞ்சாக்கேணி, கட்டைபறிச்சான் என்று ஆயின. ஆட்களுக்குக் கந்தோர் இடாப்பிலிருந்தே பெயர் எடுத்தார். ஆறடி பதினொரு அங்குலமும் முப்பத்தாறு வயதுமான நடு ஆட்டக்காரருக்குக் கனகரத்தினம் என்று பெயர் வந்தது. உண்மையான கனகரத்தினம் கந்தோரின் பிரதம இலிகிதர். ஐந்தடி இரண்டங்குலம். ரைப்பிஸ்ட் ஸாலிஹாவும் அணியில் இருந்தாள், ஆண்கள் அணி என்று பெட்டி ஆட்சேபிக்கவில்லை. அந்த இருபத்திரண்டு வயதுக் கெட்டிக்காரனுக்குச் சிற்றூழியர் ஜெமீலின் பெயர். பன்னிரண்டாவது ஆளுக்கு, ஒருநாளும் ஆட இறக்கப்படாமல் வாங்கில் இருந்தவருக்கு, சோமசேகரம் அடக்கத்துடன் தன் பெயரையே வைத்துக்கொண்டார்.

கட்டைபறிச்சான் அணியிலும் ஒரு நட்சத்திரம் இருந்தார். ஏழடி ஓர் அங்குலம், வயது இருபத்தொன்று. அவருக்குப் பாக்கியரத்தினம் என்று பெயர். உண்மையான பாக்கியரத்தினம் அக்கரை உப கந்தோரில் எட்டு வருடமாகக் கிடந்த இலிகிதர். அவரைச் சோமசேகரம் நேரில் கண்டதில்லை. தன்னை நகரத்துக்கு மாற்றித் தரும்படி அவர் அனுப்பிய பதினொரு விண்ணப்பங்களையும் சோமசேகரம்தான் ஒழுங்காகத் துளைபோட்டுக் கோவையில் கட்டினவர். அவர் அங்கே கிடந்தபடியால் தான் போகாமல் தப்பிய நன்றிக்கடனோ என்னவோ, உயரமான ஆளைப் பார்த்துப் பெயர் வைத்தார்.

கார்த்திகை மாதம் பெட்டி கடைசி எச்சரிக்கை தந்தது. இனித் தோற்றால் முகாமையாளர் வேலையிலிருந்து நீக்கப்படுவார். ஆட்களை மாற்றி எடுப்பதற்கான தவணையும் முடியப் போகிறது. பதினொரு மாதமும் சோமசேகரம் ஓர் ஆளைக்கூட இன்னோர் அணிக்கு அனுப்பியதில்லை. கேட்டு வந்த அணிகளுக்கெல்லாம் மறுத்துவிட்டார். ஓர் ஆளைத் தூக்கிக் குடாவுக்கு அப்பால் போடுவதென்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அதைப் பெட்டிக்குள் இருக்கிற ஆளுக்கும் செய்ய மனம் வரவில்லை. ஆனால் பெட்டிக்குள்ளும் தன் வேலை போகப்போகிறது என்றவுடன், மேலதிகாரிகள் எப்படி இந்த மாதிரி முடிவுகளை எடுக்கிறார்கள் என்று முதன்முறையாக விளங்கிக்கொண்டார்.

பாக்கியரத்தினத்தைத் தருவதற்குக் கட்டைபறிச்சான் அணி கனகரத்தினத்தையும் ஸாலிஹாவையும் கேட்டது. அது போதாது, இன்னுமோர் ஆள் வேண்டும் என்று பெட்டி சொன்னது. வாங்கில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சோமசேகரம் தன்னையே தூக்கிக் கொடுத்தார். அணிக்காக ஒருவர் செய்யக்கூடிய தியாகம்தான்.

கோவையில் போடுவதற்குப் பத்திரம் வேண்டுமே. அவர் முறைப்படி ரைப் செய்தார். தலைப்பில் 'இரகசியம்'. அதன்கீழ் 'இடமாற்றச் சிபாரிசு, 1999'. நிரல்கள் ஐந்து. கனகரத்தினம், திருகோணமலையிலிருந்து கட்டைபறிச்சானுக்கு. காரணம்: முழங்கால் பலவீனம், ஓடுவதில்லை, கையில் வருவதை மற்றவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஸாலிஹா, காரணம்: பத்துக்கு ஏழு பிழையாகப் போகிறது. சோமசேகரம், காரணம்: இருந்த இடத்தைவிட்டு எழும்புவதில்லை, இவர் போனாலும் குறை தெரியாது. எதிர்ப்பக்கம் பாக்கியரத்தினம், காரணம்: உயரமானவர், இளமையானவர், இன்னும் பதினைந்து வருடம் உழைப்பார். எல்லாருக்கும் குடும்ப நிலை: விபரம் இல்லை. கீழே மேலதிகாரியின் கையொப்பத்துக்கு ஒரு கோடு. பிரிண்ட் என்று அமத்தினார். கரண்ட் போய்விட்டது. மூன்று மணிக்குப் போன கரண்ட் நான்கு மணி வரைக்கும் வரவில்லை. சோமசேகரம் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அரசாங்க உத்தியோகத்தர்கள் மறந்துபோவதை இயந்திரம் மறப்பதில்லை. அடுத்தநாள் காலையில் ஸாலிஹா பெட்டியைப் போட்டவுடன் பிரிண்டர் 'கிரீச் கிரீச்' என்று விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கி, பத்திரத்தை அவளுடைய கையில் கொடுத்தது. தலைப்பில் இரகசியம் என்று இருந்தபடியால் பத்து மணிக்கு முன்னம் கந்தோரில் எல்லாரும் அதை வாசித்து முடித்திருந்தார்கள்.

சோமசேகரம் அன்று தபால் கொடுத்துவிட்டுப் பிந்தி வந்தார். அவர் கதிரையின் தூசியை யாரோ தட்டியிருந்தார்கள். மேசையில் வட்டிலப்ப இனிப்பு ஒரு துண்டு இருந்தது. ஸாலிஹாவின் கண் சிவந்திருந்தது. பிரதம இலிகிதர் கனகரத்தினம், முப்பது வருடமாகத் தேத்தண்ணியை மற்றவர்கள் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தவர், கோப்பையைத் தன் கையாலேயே கொண்டுவந்து சோமசேகரத்தின் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"சோமசேகரம், உம்மட்ட ஒண்டு கேக்கலாமோ. என்ர முழங்காலைப் பற்றி ஆர் சொன்னது?"

பதினொரு மாதமாகத் தன் அணியைப் பற்றிக் கதைக்க ஓர் ஆள் கிடைக்காமல் இருந்த மனிதர் சோமசேகரம். கனகரத்தினம் அறைக்குள் எட்டிப் பார்த்துத் தன் பெயருள்ள ஆட்டக்காரனைக் கண்டிருக்கிறார் என்று நினைத்தார். அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"ஆர் சொல்லவேணும் ஐயா. ஓடேக்க பாத்தாத் தெரியாதே."

"நான் எங்க ஓடினனான்?"

"அதைத்தான் நானும் எழுதினனான். ஓடுறேல்லை."

கனகரத்தினம் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"கையில வாறதை மற்றவைக்குக் குடுக்கிறேல்லை எண்டும் கிடக்கு."

"பதினொரு மாசமாப் பாக்கிறன் ஐயா. உங்கட கைக்கு வந்தா அதோட சரி. பக்கத்தில நிக்கிறவன் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறான். நீங்கள் திரும்பியும் பாக்கிறேல்லை."

வள்ளக்காரர்கள் பாஸுக்கு அலையும்போது கோவைகளை விரைவாக நகர்த்திக் கொடுப்பதற்காகப் பிரதம இலிகிதரின் வீட்டுக்குப் பாரைமீனும் இறாலும் போய்ச் சேருவது கந்தோரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அது எழுத்தில் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"இனிக் குடுக்கிறன்" என்றார். "முதல் பங்கு ஜெமீலுக்கு. காணுமோ?"

"ஜெமீலுக்குக் குடுத்தால் வெல்லலாம் ஐயா. நான் எப்பவோ நினைச்சனான்."

"அப்ப என்ர பேரைக் கட்டைபறிச்சான் லிஸ்டில இருந்து எடுப்பீரோ?"

சோமசேகரம் மேசையைப் பார்த்தார். வட்டிலப்பத்தைப் பார்த்தார். கண் சிவந்த ஸாலிஹாவைப் பார்த்தார். தன் அணிக் கடுதாசியைக் கந்தோர் தங்களைப் பற்றியது என்று வாசித்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால், இரண்டாயிரமாம் ஆண்டு வருத்தத்தைத் தடுக்க அரசாங்கம் தந்த இயந்திரத்தில் பதினொரு மாதமாகப் பந்து விளையாடியவர் என்று விசாரணை வரும். விசாரணையின் முடிவில் என்ன தண்டனை தருவார்கள் என்பது அந்தக் கந்தோரில் கதவு யன்னலுக்கும் தெரியும். அது லோஞ்சில் ஏறிப் போகிற தண்டனை. சொல்லாமல் விட்டால் இந்தக் கடுதாசி எப்படியும் அடங்கிப் போகும், வெறும் கடுதாசிதானே, எங்கேயும் போகவில்லையே என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அன்று முழுதும் கந்தோரில் துக்கம் காத்தார்கள். ஒரே ஓர் ஆளுக்குத்தான் வேறு கவலை. ஜெமீல் குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒவ்வொரு நாளும் பாதை என்கிற மிதவையில் ஏறித் துறை கடந்து வருகிற மனிதர். அக்கரையில், தன் ஊருக்குப் பக்கத்தில் வேலை கேட்டுப் பல வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் பின்னேரம் மெதுவாக வந்து நின்றார்.

"ஐயா, எல்லாரையும் போட்டிருக்கியள். என்னை மட்டும் விட்டுப்போட்டியள். நான் என்ன குற்றம் செய்தனான்?"

"உன்னை விட்டா நாங்கள் ஆரை வச்சு விளையாடுறது, ஜெமீல்?" என்று சோமசேகரம் தன்னை மறந்து சொல்லிவிட்டார். ஜெமீல் கண் கலங்கிப் போனார். இருபது வருடச் சேவையில் அவரைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

இதற்கிடையில் கனகரத்தினம் உதவிப் பணிப்பாளர் தம்பிராசாவிடம் முறையிடப் போனார். தம்பிராசாவுக்கு இப்படி ஒரு பத்திரம் இருப்பதே தெரியாது. தன் கந்தோரில் தனக்குத் தெரியாமல் ஓர் இடமாற்றச் சிபாரிசு தயாராகியிருக்கிறது என்று பிரதம இலிகிதருக்கு முன்னால் ஒப்புக்கொள்வதைவிட, அதைத் தானே தயாரிப்பித்ததாகச் சொல்வது கௌரவமாக இருந்தது. நீண்டகாலமாக யோசித்து எடுத்த முடிவு என்றார். கனகரத்தினம் போனபிறகு பத்திரத்தை வரவழைத்து, எதைப்பற்றி யோசித்தேன் என்று அறியும் ஆவலுடன் வாசித்தார். ஓரம் சரியாக விட்டிருந்தது. பந்திகளுக்கு இலக்கம் இருந்தது. காரணங்கள் சுருக்கமாகவும் பயமில்லாமலும் எழுதப்பட்டிருந்தன. தலைமையகம் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த சிபாரிசும் இதுதான். கீழே கோடு கீறியிருந்தது. கோடு கீறியிருக்கும் இடத்தில் கையொப்பமிடாமல் விட்டதாகத் தம்பிராசா மீது இருபத்தாறு வருடத்தில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை.

அடுத்தநாள் சோமசேகரம் துணிந்து அவருடைய அறைக் கதவைத் தட்டினார்.

"சேர், அந்த லிஸ்ட்…"

"நல்லா எழுதியிருக்கிறீர். காலமைத் தபாலில போட்டாச்சு."

"அது கந்தோர் லிஸ்ட் இல்லை சேர்."

"அப்ப அது என்ன லிஸ்ட்?"

யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கடற்படைப் படகு ஒன்று அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் எங்கேயோ 'டும்' என்று ஒரு சத்தம். தம்பிராசா பேனையை மூடாமல் மறுமொழிக்காகக் காத்திருந்தார். சோமசேகரத்தின் பத்தொன்பது வருடமும், தகரக் கூரையும், கொடுத்த வாக்கும் அந்த ஒரு மறுமொழியில் வந்து நின்றன. அவற்றைக் காப்பாற்ற ஒரேயொரு தடவை மேலிடத்தின் கண்ணில் பட்டிருந்தால் போதும்.

"ஒண்டுமில்லை சேர்" என்றார் சோமசேகரம்.

மூன்று கிழமைக்குள் தலைமையகம் பதில் எழுதியது. அதற்குள் கனகரத்தினம் வைத்தியச் சான்றிதழ் அனுப்பியிருந்தார். முழங்கால் பலவீனம் என்பது சிபாரிசிலேயே சொல்லப்பட்டிருந்தபடியால் அது உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஸாலிஹாவின் மூன்று பிள்ளைகளும் படுக்கையில் கிடக்கிற தாயும் விண்ணப்பத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அவள் பெயரும் எடுபட்டது. பாக்கியரத்தினம் வருவது உறுதி. ஆகவே அவருடைய இடத்துக்கு ஓர் ஆள் போயே ஆகவேண்டும். 'குடும்ப நிலை பற்றி விபரம் எதுவும் இல்லாதவரும், போனாலும் குறை தெரியாதவருமான திரு. சோமசேகரம்' இரண்டாயிரமாம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் கட்டைபறிச்சான் உப கந்தோருக்கு மாற்றப்படுகிறார்.

மேன்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் அடியில் இருந்தது. சோமசேகரம் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தார். தனக்கு மனைவி இருக்கிறாள் என்று எழுதவேண்டும். எழுதினால், அப்படியென்றால் விபரம் இல்லை என்று எழுதியது யார் என்று கேட்பார்கள். தான்தான் என்றால், ஏன் என்று கேட்பார்கள். ஏனென்றால் அந்தச் சோமசேகரம் ஆறடி நான்கங்குலமுள்ள ஒரு கறுப்பு அமெரிக்கர் என்று எழுதவேண்டும். அவர் தாளைத் திரும்ப மேசை லாச்சிக்குள் வைத்தார். தம்பிராசா மட்டும் கந்தோர் கடமையில் தன்னைத்தானே சிபாரிசு செய்த ஒரு மனிதரைத் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அன்னலட்சுமி குசினியில் சூடை மீன் வெட்டிக்கொண்டிருக்கையில் அவர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி, பந்து, ஆறடி பதினொரு அங்குலக் கனகரத்தினம், பௌர்ணமி வெற்றிகள், கடுதாசி. அவள் மீனை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை.

"அந்த விளையாட்டில என்னையும் போட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"பன்னிரண்டு பேருக்குத்தான் இடம்."

அவள் செதிலைக் கழுவி ஊற்றினாள். பிறகு எழும்பி அறைக்குள் போய், கட்டிலுக்குக் கீழே கிடந்த பையை இழுத்தெடுத்தாள். தொண்ணூறில் தூக்கிக்கொண்டு ஓடின அதே பை. ஒன்பது வருடமாக அதற்குள் ஒரு மாற்றுச் சேலையும், பாஸ்புத்தகமும், நெருப்புப்பெட்டியும் எந்நேரமும் தயாராக இருந்தன. அவள் அதற்குள் அவருடைய இரண்டு சாரத்தையும் மடித்து வைத்தாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தது. உலகம் முழுவதும் ஒரு கொம்பியூட்டருக்கும் ஒரு வருத்தமும் வரவில்லை. கந்தோர்ப் பெட்டியும் சுகமாக இருந்தது. முதலாம் திகதி சனிக்கிழமை என்றபடியால் சோமசேகரம் திங்கட்கிழமை காலை அன்னலட்சுமியோடு, மூதூர் லோஞ்ச் புறப்படும் இறங்குதுறைக்குப் போனார். மாரிக் காற்று. குடா முழுக்க வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கிடந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஜெமீல் வந்திருந்தார். ஸாலிஹா வெள்ளிக்கிழமை பெட்டியைத் துடைக்கப் போய் எதையோ அமத்திவிட்டாள் என்றும், உடனே பெட்டி கைதட்டுகிற சத்தம் போட்டது என்றும், அதற்குப்பிறகு அவள் அமத்த அமத்தத் திருகோணமலை ஆறு தரம் வென்றது என்றும் அவர் சொன்னார். சோமசேகரம் தலையை ஆட்டினார். தன்னைப் பற்றித் தான் எழுதிய காரணம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அக்கரையிலிருந்து வந்த லோஞ்சிலிருந்து ஐந்தடி உயரமும் ஐம்பத்தாறு வயதுமான ஒரு மொட்டைத் தலையர் குடையை ஊன்றி இறங்கினார். சோமசேகரத்தின் கையிலிருந்த கோவையைக் கண்டு நேரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள்தானே சோமசேகரம் ஐயா. நான் பாக்கியரத்தினம். பதினொரு தரம் எழுதினனான், ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. நீங்கள் ஒரு வரியில காரியத்தை முடிச்சுப்போட்டியள்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உயரமானவர், இளமையானவர் எண்டு எழுதினதைப் பெண்சாதிக்கு வாசிச்சுக் காட்டினனான். அவ இன்னும் நம்பேல்லை."

"அது இருக்கிற ஆளுக்குத் தக்கதாத்தான் எழுதினது" என்றார் சோமசேகரம். அதில் பொய் இல்லை.

இறங்குதுறைச் சென்றியில் கடற்படைக்காரன் கடிதத்தை வாங்கிப் பார்த்தான். அன்னலட்சுமியைப் பார்த்தான். கடிதத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது, இந்த அம்மா யார், இவவுக்குக் கடிதம் எங்கே என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான். சோமசேகரம் வாயைத் திறக்கு முன்னம் அன்னலட்சுமி முன்னால் வந்தாள்.

"தம்பி, நாலு தரம் இடம்பெயர்ந்து போனனான். அப்ப ஒருத்தரும் கடுதாசி கேக்கவும் இல்லை, தரவும் இல்லை. இப்பதான் முதல்முறையா எங்களுக்கு ஒரு கடுதாசி தந்திருக்கினம். அதிலயும் அவருக்கு மட்டும் இடமாற்றம், எனக்கு வழக்கமான இடப்பெயர்வு எண்டு நினைச்சுக்கொள்ளு."

இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் அவனுக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. பின்னால் சனம் வரிசையில் நின்று முறுமுறுத்தது. அவன் கையைக் காட்டி இருவரையும் விட்டான்.

லோஞ்ச் துறையை விட்டு விலகியதும் ஆடத் தொடங்கியது. சோமசேகரம் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்க்காமல், எதிரே இருந்த மரத் தடுப்பைப் பார்த்தபடி இருந்தார். கந்தோரில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்த அதே பார்வைதான். அன்னலட்சுமி அவருடைய பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"ஏனுங்கோ, அந்த விளையாட்டில ஓராளைப் பிடிச்சு வேற ஊருக்கு அனுப்பினா, பெண்சாதியும் கூடப் போறவவோ?"

அவர் யோசித்தார்.

"அதுக்கு அதில இடம் இல்லை. நான்தான் நிரல் ஒண்டு போட்டு வச்சனான். நிரப்ப ஒண்டும் இருக்கேல்லை."

"இப்ப நிரப்பலாம்தானே" என்றாள் அன்னலட்சுமி.

அலை ஒன்று பக்கவாட்டில் அடித்து இருவரையும் நனைத்தது. சோமசேகரம் பலகையிலிருந்து ஒரு கையை எடுத்து அவளுடைய பையின் காதைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையை எடுக்க அவருக்கு ஏலாது. மூதூர் வந்து சேரும் வரைக்கும் பையைப் பிடித்த கையையும் அவர் எடுக்கவில்லை.